நைலான் டயரும் கருவேலஞ் சட்டமும்

அருப்புக்கோட்டையில் டயர் அறுக்கிற கடை ஒன்றின் வாசலில், கரிசல் காட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒரே கறுப்பு நிறத்தில் குவிந்து கிடந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, செருப்பு, மண் அள்ளும் கூடை. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் மூன்று விரல் அகலத்தில் ஓரம் சீவிய பட்டைகளைத் தனியாகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். அவை எதற்கு என்று கேட்டேன்.

"வள்ளத்துக்கு சார். கடக்கரைல இருந்து வந்து வாங்கிட்டுப் போவாக."

கடல் அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பட்டைகள் போகிற வழியிலேயே போய்ப் பார்ப்பது என்று அப்போதே முடிவு செய்தேன்.

டயர் அறுப்பது லேசான வேலை இல்லை. வெறும் கத்தி ரப்பரில் ஏறாது, பிடித்துக்கொள்ளும். இழுப்புக்கு இழுப்பு தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். கடைக்காரர் காலால் டயரை மிதித்துப் பிடித்து, கத்தியைத் தன் பக்கமாக இழுக்கிறார். கை வழுக்கினால் கத்தி தொடையில்தான் வந்து நிற்கும். ரேடியல் டயரை அவர் தொடுவதே இல்லை. "உள்ள பூராம் கம்பி. கத்தி போச்சுன்னாக்கூட தீட்டிக்கிரலாம். அந்தக் கம்பி உப்புத்தண்ணில துருப்பிடிச்சு வெளிய நீட்டுச்சுன்னா வலையையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். நைலான் டயருதான் வேணும்பாக."

லாரிகளும் பஸ்களும் பெரும்பாலும் ரேடியலுக்கு மாறிவிட்டன. நைலான் இழை போட்ட பழைய டயர் இப்போது டிராக்டர் டிரெய்லரிலிருந்தும் டயர் மாட்டுவண்டியிலிருந்தும்தான் அதிகம் கிடைக்கிறது. இரண்டும் இந்த வறண்ட காட்டில் ஓடித் தேய்ந்தவை.

திருச்சுழி, கமுதி, சாயல்குடி, அப்புறம் கடற்கரையில் மூக்கையூர் என்று பாதை. குண்டாறும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது. திருச்சுழியில் அதன் மணல் படுகையைப் பார்க்கிற எவருக்கும் இது கடலில் சேர்கிற ஆறு என்று சொன்னால் நம்பிக்கை வராது. ஆனால் மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் அது சேரத்தான் செய்கிறது. காவிரியையும் வைகையையும் இதனோடு இணைக்கும் திட்டத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வருகிறபோது வரட்டும். அதுவரை இந்தப் பாதையில் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பவை டயர் பட்டைகள். முன்பு மரம் போனது. அந்தக் கதையை ஒரு பெரியவர் சொல்லக் கேட்டேன், அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூக்கையூரில் வள்ளங்கள் பாதி மணலில், பாதி தண்ணீரில் நின்றன. இப்போது அங்கே மீன்பிடித் துறைமுகம் வந்திருக்கிறது. சிமெண்டுத் தளம், கல் அலைதடுப்பு, ஆழமான ஒதுங்குமிடம். மீனவர்களுக்கு அது பெரிய வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் வள்ளத்தின் விளிம்புக்குப் புது எதிரியும் அதோடு வந்தது. மணலில் ஏற்றுகிற வள்ளத்துக்கு அடிபாகம்தான் தேயும், அதற்காக ஏரா என்னும் அடிமுதுகு நெடுக இரண்டு மூன்று அடுக்கு ஃபைபர் கூடுதலாகப் போடுவார்கள். சிமெண்டுச் சுவரில் கட்டுகிற வள்ளத்துக்கு விளிம்பு தேய்கிறது. அலை ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் ஒரு உரசல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும். சின்ன வள்ளங்கள் அவற்றின் இடுக்கில் புகுந்துதான் வந்துபோக வேண்டும். விளிம்பு பெயரப் பெரிய படகின் இரும்பு முனை ஒன்று போதும்.

மர வள்ளமாக இருந்த காலத்தில் இது இவ்வளவு பெரிய பேச்சாக இருந்திருக்காது. மரத்தில் அடிபட்டால் சீவிவிடலாம், துண்டு வைத்து ஒட்டலாம். ஃபைபர் அப்படி இல்லை. மேலே வழவழப்பாக இருக்கிற ஜெல்கோட்டில் மயிரிழை விரிசல் விழுந்தால், அதன் வழியே உப்புத்தண்ணீர் உள்ளே இருக்கும் கண்ணாடி இழையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், கரையில் ஏற்றி இறக்கக்கூடிய படகுகளை இந்தக் கிழக்குக் கடற்கரையில் சோதித்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் தமிழகக் கரையெங்கும் வேகமாகப் பரவின. படகு வந்த வேகத்துக்கு அதைப் பராமரிக்கிற அறிவு வரவில்லை. அந்த அறிவைக் கையால் செய்து செய்து தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள் கரையிலுள்ள பழுதுபார்க்கும் கொட்டகைகளில் இருக்கிறார்கள்.

நான் போனபோது இருபத்தைந்து அடி வள்ளம் ஒன்றுக்கு விளிம்புக் காப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி, கடையில் விற்கிற 'டி' ரப்பரை ஒரு பக்கம் முழுக்கப் போடச் சொல்லியிருந்தார். மேஸ்திரி மறுத்துவிட்டார்.

"வலை இழுக்கிற பக்கம் போல்ட்டே ஆகாதுண்ணே. ஒரு தலை நூல் அளவு மேல நின்னாலும் வலை அதுலதான் போய் மாட்டும். ஒரு நாள் மீன் காசு போச்சு."

காப்பைத் தேர்ந்தெடுப்பதில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரே வள்ளத்தில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேலை. வலை ஏறுகிற பக்கத்தில் விளிம்பையே கூடுதலாக இரண்டு அடுக்கு கண்ணாடி இழை மேட் வைத்து உருட்டி, கண்ணாடி மாதிரி தேய்த்துவிடுகிறார்கள். அதற்கும் மேல் காப்பு வேண்டுமென்றால் பழைய ஹோஸை நீளவாக்கில் பிளந்து, உதட்டின் மேல் கவிழ்த்து, நைலான் கயிற்றால் கீழ்ப்பக்கமாகத் தைக்கிறார்கள். முடிச்சு ஒன்றுகூட மேலே வராது. படகும் சுவரும் உரசுகிற பக்கத்துக்குத்தான் ரப்பர்.

டயர் பட்டையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டயருக்கு அதன் வளைவு மறக்காது. நேரான பக்கத்தில் வைத்தால் சுருண்டு திமிறும், வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் வைத்தால் தானாகப் படியும். அதனால் அணியத்தைச் சுற்றி டயர், இடுப்புப் பகுதியில் கடை ரப்பர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். பட்டைகள் சேருகிற இடத்தை நேராக வெட்டாமல் சாய்வாகச் சீவி, முன் பட்டை பின் பட்டையின் மேல் ஏறியிருக்கும்படி வைக்கிறார்கள். உரசிக்கொண்டு போகிற எதுவும் அந்த ஓரத்தில் கொத்தாது.

மாட்டுவதை அணியத்தின் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பின்னால் கொண்டுபோனார்கள். கடை ரப்பரை வெயிலில் போட்டு இளக வைத்திருந்தார்கள். பையன் ஒருவன் அதை இழுத்து நேராக்கப் பார்த்தான். மேஸ்திரி அவன் கையைத் தட்டிவிட்டார். இழுத்து மாட்டிய ரப்பர் தன் நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், கடைசியில் முனை போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். அதைத் தள்ளித்தான் மாட்ட வேண்டும். போல்ட் சாணுக்கு ஒன்று, அணியத்தில் அரைச் சாணுக்கு ஒன்று. ரப்பரில் முதலில் அகலமாக ஒரு குழி தோண்டி, போல்ட்டின் தலை அதில் முழுகும்படி வைக்கிறார்கள். ஃபைபரில் துளை போட்டதும் உடனே போல்ட்டை விடுவதில்லை. துளையின் உள்சுவரில் ரெசின் தடவி, காயவிட்டு, அப்புறம் சிலிக்கானோடு போல்ட். உள்பக்கம் பெரிய வாஷர். போல்ட் எவர்சில்வராக இருக்க வேண்டும், இரும்பு போட்டால் துரு துளையைத் தின்னும். பட்டைக்கும் உடலுக்கும் நடுவே மேலிருந்து தண்ணீர் இறங்கி நிற்காமல் இருக்கக் கீழே அங்கங்கே இடைவெளி விடுகிறார்கள்.

கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பழைய ஓடாவி. மர வள்ளம் கட்டியவர். இப்போது கண் மங்கிவிட்டது, ஆனாலும் போல்ட் முடுக்குகிற சத்தத்தை வைத்தே அது சரியாக ஏறியிருக்கிறதா என்று சொல்கிறார்.

"அப்ப கருவேலஞ் சட்டந்தான் தம்பி. பலகை ஆயினி, வங்கும் ஓரச்சட்டமும் கருவேல். ஒங்க ஊருப் பக்கம் கம்மாய்ல நிக்கும்ல, நாட்டுக் கருவேல், அது. நேரா வளந்த மரம் எனக்கு வேணாம். வளஞ்சு நிக்கிறதாப் பாத்து எடுப்பேன். வளைவுலயே நார் ஓடியிருக்கும், அறுத்து வளைச்சதவிட அது தாங்கும்."

வங்கு என்பது வள்ளத்தின் விலாச்சட்டம். 1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகக் கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் நாட்டுக் கருவேலம் நட்டு வளர்த்தார்கள். வளர்ந்த மரம் ஏலத்தில் போய் விறகாகும், ஏர்க்காலாகும், வண்டியாகும், ஓடாவி கைக்கு வந்தால் ஓரச்சட்டமாகும். பெரியவரிடம் சீமைக் கருவேலம் பற்றிக் கேட்டேன். அது கரிமூட்டத்துக்குத்தான் ஆகும் என்று கையை உதறினார். ஓரச்சட்டத்துக்கு மரம் முழுக்கக் காய்ந்திருந்தால் வளைக்கும்போது வெடிக்கும், பச்சையாக இருந்தால் பிற்பாடு சுருங்கி ஆணியை விட்டு விலகும். பாதி காய்ந்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவாராம். ஒரே நாளில் முழு வளைவையும் வாங்க மாட்டார்.

கொட்டகையில் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத ஒன்று, தேய்ப்பு வேலை. பழைய விளிம்பை மெஷினில் தேய்க்கும்போது வெள்ளைப் புகை மாதிரி கண்ணாடித் தூள் எழும்புகிறது. பையன்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. அரிப்புக்கு முன்கூட்டியே கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்வது அவர்களாகக் கண்டுபிடித்த வைத்தியம். ரெசின் வாடையில் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறது என்று ஒருவன் சாதாரணமாகச் சொன்னான், வயது இருபதுகூட இருக்காது. வள்ளத்தின் ஓரம் தேயக் கூடாது என்று எவர்சில்வர் போல்ட் வாங்கித் தருகிறவர்கள், தூள் தடுக்கிற நல்ல மாஸ்க்கை இந்தப் பையன்களுக்கு வாங்கித் தருவதில்லை. துறைமுகத்துக்கு இவ்வளவு சிமெண்டு போட முடிந்த நாட்டில், தேய்ப்பு வேலைக்குக் காற்று இழுக்கிற விசிறியோடு ஒரு பொதுக் கொட்டகை கட்டிக் கொடுக்க முடியும். அதை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. மேஸ்திரியிடம் சொன்னேன். சம்மாட்டியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்பார் என்றுதான் நினைக்கிறேன், ரப்பர் விஷயத்தில் அவர் சொன்னதைச் சம்மாட்டி கேட்டுக்கொண்டார் அல்லவா.

சிலிக்கான் காய இரண்டு நாள் வள்ளம் மணலில் இருக்க வேண்டும். கடலுக்குப் போய் வந்த முதல் வாரத்தில் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முடுக்க வேண்டும், ரப்பர் படிந்து இடம் கொடுத்திருக்கும். அதை மறந்துவிடுவார்கள் என்பதால், அந்த வேலைக்கான கூலியையும் சேர்த்தே இப்போது வாங்கிக்கொள்கிறார் மேஸ்திரி.