அந்தப் பிள்ளையின் போட்டோ



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை தொடங்க முன் சொல்லிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். கலாசாலையில் ஒன்றாகப் பயின்று, இப்போது வேறு வேறு பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். மூன்று வருடமாக நேபாளத்தில் ஒரு பெண்பிள்ளையின் படிப்புச் செலவைப் பார்த்து வருகிறோம். ஆளுக்கு மாதம் 1500 ரூபா. பெரிய காசில்லை.

"நேபாளத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கத்தார்தான் சம்பந்தம். எங்களில் ஒருவரின் தம்பி தோஹாவில் வேலை செய்கிறார். அவரோடு ஒரே அறையில் இருக்கும் நேபாளியின் ஊர் புங்கமதி. லலித்பூருக்குத் தெற்கே, நேவார் மக்களின் பழைய கிராமம். மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்போன ஊர். ஆணியும் பசையும் இல்லாமல், சிறு சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்தே பின்னல் ஜன்னல் செய்வது நேவார் தச்சர்களின் பரம்பரைக் கைவேலை.

2015 ஏப்ரல் 25 பூமியதிர்ச்சியில் அந்த ஊரின் பெரிய கோயில் இடிந்து விழுந்தது. வீடுகளும் போயின. நேபாளம் முழுவதும் ஏறத்தாழ 9000 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை, அங்கே பாடசாலை விடுமுறை. அதனால் தப்பிய பிள்ளைகள் ஏராளம். நமக்கு சுனாமி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை, போயா தினம் என்பது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

தம்பியின் கூட்டாளிக்கு ஓர் அண்ணன். செதுக்கு வேலைக்காரர். அவருடைய மகள்தான் அந்தப் பிள்ளை. அங்கும் அரச பாடசாலையில் படிப்பு இலவசம். ஆனால் சீருடை, கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூஷன் இலவசமில்லை. இது நமக்குப் புதுக்கதையா என்ன? பத்தாம் வகுப்பு முடிவில் நம் ஓ.எல். மாதிரி ஒரு தேசியப் பரீட்சை. அதற்கு முன் பிள்ளையை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் யோசித்த நேரத்தில்தான் விஷயம் எங்கள் காதுக்கு வந்தது.

சிலர் கேட்டார்கள், "சிலை செதுக்குபவரின் பிள்ளைக்கா?" மௌலவியிடம் கேட்டோம். ஸகாத் பணத்தை இதில் சேர்க்க வேண்டாம், ஸதகாவைத் தேவையுள்ள எவருக்கும் கொடுக்கலாம் என்றார். "நம்ம ஊரில் ஏழை இல்லையா?" என்றும் கேட்டார்கள். இருக்கிறார்கள். அவர்களையும் முடிந்தவரை பார்க்கிறோம். 2004இல் நமக்குக் கூடாரமும் சோறும் தந்தவர்கள், முதலில் தங்கள் ஊர் ஏழைகளை எண்ணி முடிக்கவில்லை.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம்.

போன வருடம் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ள நினைத்தோம். ஆட்களுக்குக் காட்ட ஒரு போட்டோ இருந்தால் நல்லது என்று, புதுப் பையோடும் சீருடையோடும் பிள்ளையை எடுத்து அனுப்பச் சொன்னோம். இரண்டு கிழமை பதிலில்லை. பிறகு தம்பியின் குரல்பதிவு வந்தது.

"ராத்தா, அந்தப் புள்ள போட்டோக்கு நிக்க மாட்டேன் எண்டு சொல்லுதாம். காசு வாறது வகுப்புல ஒருத்தருக்கும் தெரியாதாம். போட்டோ கட்டாயம் எண்டா காசே வேணாமாம்."

எங்களில் ஒருவருக்குக் கோபம் வந்தது. "நம்ம காசுதானே, ஒரு போட்டோவுக்கு என்ன?" என்றார். மற்றொருவர் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகுதான் சொன்னார். சுனாமி முகாமில் அவருக்குப் பதினைந்து வயது. உம்மாவை அடக்கி ஒன்பதாம் நாள். புத்தகப் பை கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்க வைத்து, சிரிக்கச் சொன்னார்களாம். படம் சரியாக வரவில்லை என்று பையைத் திருப்பி வாங்கி, மூன்று தரம் கொடுத்தார்களாம். "அந்தப் பையை நான் ஒரு நாளும் ஸ்கூலுக்குக் கொண்டு போகல்ல" என்றார். இத்தனை வருடம் பழகியும் எங்களுக்கு அது தெரியாது.

அன்றே மன்னிப்புக் கேட்டுச் சொல்லி அனுப்பினோம். காசு ஒரு மாதமும் நிற்கவில்லை. போன தவணைப் புள்ளிகளை மட்டும் சித்தப்பா மூலம் அனுப்பியிருந்தாள். கணிதம்தான் கொஞ்சம் குறைவு. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அதே கதைதான்!

உறவுகளே, அடுத்த கிழமை நம் ஊரில் பள்ளிவாசலும் சங்கங்களும் கொப்பி, சப்பாத்து கொடுக்கப் போகிறோம். நல்ல காரியம். ஒன்றே ஒன்று கேட்கிறோம். மேடையும் வரிசையும் வேண்டாம், பிள்ளையின் முகம் முகநூலில் வேண்டாம். கணக்குக் காட்ட வேண்டுமென்றால் கடை பில்லைப் போடுங்கள், பொதிகளைப் படமெடுங்கள். பெற்றோரிடம் துண்டைக் கொடுத்தால் கடையில் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். வகுப்பில் எந்தக் கொப்பி தர்மத்தில் வந்தது என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளையின் முகம் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அல்லாஹ் நம் அனைவரின் தர்மங்களையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.