அந்த அம்பை எய்தவன் நல்லவனா?

இருபது முகத் தாயக்கட்டை மேசையில் உருண்டுபோய் 17 இல் நின்றது. அம்பு பட்டுவிட்டது. எங்கட ஐந்து பேரில் வில்லாளியாக விளையாடுபவன் கதிரையை விட்டே எழும்பிவிட்டான். எதிரே நின்றது ராட்சசன். கதை நடத்துபவளின் கொப்பியில் அதற்கு 25 புள்ளி உயிர்தான் மிச்சம். அம்பின் சேதம் 14. ஆனால் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது: நல்லவர் ஒருவர் மந்திர ஆயுதத்தால் குத்தினால் ராட்சசனுக்குச் சேதம் இரண்டு மடங்கு. அப்படியென்றால் 28. சண்டை முடிந்தது.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீ நல்லவனோ?"

"பேப்பரில போட்டிருக்குத்தானே, நன்மை எண்டு."

"அப்ப அந்தக் கொப்ளின் பெடியன்?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. விறாந்தையில் ஃபேன் சுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது வாயால் விளையாடுகிற கதை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவைத் திறக்கிறன்", "நான் ஒளிக்கிறன்" என்று சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்று தாயக்கட்டை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள். பலம், புத்தி, ஆயுதம் எல்லாம் அதில் இருக்கும். அதிலேயே அலைன்மென்ட் என்று ஒரு சின்ன இடமும் உண்டு. நாங்கள் அதைக் குணப்பெட்டி என்போம். உன்ர ஆள் நல்லவனா கெட்டவனா, ஒழுங்குக்கு அடங்குபவனா அடங்காதவனா என்று விளையாடத் தொடங்க முதலே அதில் எழுதவேண்டும்.

1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது மூன்று பெட்டிகள்தான் இருந்தன: ஒழுங்கு, நடு, குழப்பம். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்கொக் போன்றவர்களின் கதைகளில் இருந்து வந்த யோசனை அது. பிறகு நன்மை, தீமை என்று இன்னொரு கோடும் சேர்ந்தது. 1978 இல் வந்த விளையாடுபவர் கையேட்டில் மொத்தம் ஒன்பது பெட்டிகள். அந்தக் காலத்து விதிகளில் பெட்டி மாறினால் ஒரு லெவலே போய்விடும். பலடின் என்ற புனித வீரர் பெட்டியை விட்டு வழுவினால் சக்திகளை இழப்பார். 2014 பதிப்பில் பெட்டி இருந்தாலும் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. அந்தக் கொஞ்ச வேலைகளில் ஒன்றுதான் எங்கட ராட்சசன்.

இனி கொப்ளின் பெடியன்.

இது நடந்தது இரண்டு மாதத்துக்கு முதல். ஒரு குகை வாசலில் காவலுக்கு நின்ற கொப்ளினைப் பிடித்தோம். சின்னப் பெடியன். "வழியைச் சொல்லு, விட்டுவிடுறம்" என்றோம். சொன்னான். விட்டோம். அவன் திரும்பி ஓடும்போது வில்லாளி முதுகில் அம்பை விட்டான். உள்ளே போய்ச் சொல்லிவிடுவானாம். "டேய், சொன்ன சொல்லு?" என்று ஒருத்தி கேட்டாள். "அது கொப்ளின்தானே. புத்தகத்தில தீமை எண்டுதானே கிடக்கு" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொன்னது வில்லாளி மட்டும் இல்லை, நாங்கள் மூன்று பேர். பிறகு மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு குகைக்குள் போனோம்.

அதை மறந்தும்போனோம். கதை நடத்துபவள் மறக்கவில்லை.

அன்றிரவு வில்லாளி கனநேரம் தன்னுடைய தாளையே பார்த்துக்கொண்டு இருந்தான். கடைசியில், "14 போடு" என்றான். ராட்சசன் சாகவில்லை. அடுத்த முறையில் எங்கட மந்திரவாதியைக் கிழித்துப் போட்டது. அந்தப் பாத்திரத்தை ஒரு வருடமாக விளையாடியவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. நாங்கள் போனில் சண்டை பிடித்தோம். "நன்மை எண்டு எழுதியிருந்தா இரட்டிப்புச் சேதம் குடுக்கிறதுதானே விதி?" என்று ஒரு பக்கம். "எழுதினா ஆச்சோ?" என்று மறுபக்கம்.

இந்த ராட்சசன் என்ற பெயர் எங்கட பக்கத்துக் கதைகளில் இருந்து அங்கே போனது. புத்தகத்தில் அதற்குப் புலித்தலை, மறுவளமாகத் திரும்பிய உள்ளங்கை, 'ஒழுங்கு–தீமை' என்று ஒரே ஒரு பெட்டி. முதலில் வாசித்தபோது சிரித்தோம். பிறகுதான் யோசனை வந்தது. அப்படியென்றால் வீடணன் எந்தப் பெட்டி? அண்ணன் செய்வது பிழை என்று எதிர்ப்பக்கம் போனவன். கும்பகர்ணன்? பிழை என்று அண்ணனுக்கு நேரே சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகச் சண்டைக்குப் போய்ச் செத்தவன். இந்த இரண்டு பேரில் யார் நன்மை? யார் ஒழுங்கு? கம்பன் விழாப் பட்டிமண்டபங்களில் பேசித் தீராத வழக்கு இது. இரண்டு பேரும் அரக்கர் குலத்தில் பிறந்தவர்கள்தான். பிறப்பைப் பார்த்துப் பெட்டியை நிரப்பியிருந்தால் இரண்டு பேருக்கும் கதையே இருந்திருக்காது.

எங்களுக்குக் கூச்சம் வந்த இடமும் இதுதான். பிறந்த இனத்தை வைத்து ஒருவரை இன்னார் என்று முடிவு கட்டுவது நாங்கள் விளையாட்டுப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை. அடையாள அட்டையில் பெயரையும் பிறந்த இடத்தையும் வாசித்துவிட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிற அந்தப் பார்வையை எங்கட அம்மா அப்பாக்களுக்குத் தெரியும். எங்களில் சிலருக்கும் தெரியும். அப்படியிருந்தும் "அது கொப்ளின்தானே" என்று சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. புத்தகத்தைக் குறை சொல்லித் தப்பவும் முடியாது. அங்கே போட்டிருக்கிற பெட்டி பொதுவானது, விரும்பினால் மாற்றலாம் என்று 2014 புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. 2020 இல் விளையாட்டை வெளியிடுகிற நிறுவனமே ஓர்க், டிரோ போன்ற இனங்களைச் சித்திரித்த விதம் நிஜ மனித இனங்களை இழிவுபடுத்திய விதத்தை ஒத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. நாங்கள் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லை. வாசிக்காமல் இருந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது.

சரி, பெட்டியை எடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம். ஐந்து பேரும் அழிறப்பரால் அழித்தோம். இந்தக் கட்டுரை இதோடு முடிந்திருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும்.

முதல் ஞாயிறு பிரச்சினை இல்லை. இரண்டாவது ஞாயிறு, சந்தையில் மருந்து விற்கிற கிழவியிடம் களவெடுத்தோம். மூன்றாவது ஞாயிறு ஒரு சத்திரத்தை எரித்தோம். காரணம், அறை வாடகை கூட. "இப்பதான் நன்மை தீமை ஒண்டும் இல்லையே" என்று சிரித்தோம். எங்களில் பலடின் விளையாடுபவன் மட்டும் சிரிக்கவில்லை. "பெட்டி இருக்கேக்க, என்ர ஆள் இதைச் செய்வானோ எண்டு ஒரு நிமிசமாவது யோசிப்பன். இப்ப அதுவும் இல்லை" என்றான்.

அவன் சொன்னது சரி. குணப்பெட்டிக்கு அந்த ஒரு பயன் இருக்கிறது. புதிதாக விளையாட வருபவருக்கு, தன்னைப்போல இல்லாத ஒரு ஆளாக நடிக்க அது ஒரு கைப்பிடி. ஆனால் எங்களைப்போல ஆட்களுக்கு அதுவே ஒளிக்கிற இடமாகவும் ஆகிவிடும்.

வேறு விளையாட்டுகள் என்ன செய்கின்றன என்று தேடிப் பார்த்தோம். 1991 இல் வந்த வாம்பயர்: த மாஸ்கரேட்டில் மனிதத்தன்மை என்று ஒரு அளவு உண்டு. கொடுமை செய்யச் செய்ய அது இறங்கும். பாத்ஃபைண்டர் 2023 இல் திருத்தி வந்தபோது ஒன்பது பெட்டிகளையும் தூக்கிவிட்டது. பதிலுக்கு, உன்ர ஆள் செய்தே ஆகவேண்டியது எது, செய்யவே கூடாதது எது என்று கேட்கிறது. தமிழில் விதி, விலக்கு என்று சொல்லலாம். அதே வருடம் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டில் உங்கட ஆளுக்குக் குணப்பெட்டி இல்லை. ஆனால் கூட வருகிறவர்கள் நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், சிலர் விட்டுவிட்டே போய்விடுவார்கள்.

இவை எதுவும் நீ யார் என்று முதலே தீர்ப்பு எழுதுவதில்லை. ஒன்றில் உன்னிடம் வாக்குக் கேட்கின்றன, அல்லது நீ செய்ததை நினைவில் வைத்திருக்கின்றன. எங்களிடம் இல்லாமல் போனவை இந்த இரண்டும்தான்.

இப்போது எங்கட தாளில் அந்த இடத்தில் இரண்டு வரி இருக்கிறது: ஒரு விதி, ஒரு விலக்கு. வில்லாளியின் விலக்கு: "சொல்லுக் குடுத்தவரைச் சுடமாட்டன்." கதை நடத்துபவளிடம் ஒரு சிவப்புக் கொப்பி இருக்கிறது. யாருக்கு என்ன செய்தோம் என்று அதில் எழுதுவாள். சத்திரக்காரன் அதில் இருக்கிறான். மருந்துக் கிழவியும் இருக்கிறாள். மந்திரவாதியாக விளையாடியவளும் புதுப் பாத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டாள். அவள் எழுதிய விதி: "இவங்களை முழுக்க நம்பக்கூடாது." அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம்.

போன ஞாயிறு ஆற்றங்கரையில் ஒரு கொப்ளின் பிள்ளை எங்களை மறித்தாள். குகைக் காவலுக்குப் போன அண்ணா வீட்டுக்கு வரவில்லையாம். "கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு நல்ல புள்ளிகளும் எங்களிடம் இருந்தன. வில்லாளி தாயக்கட்டையைக் கையில் எடுத்து, திரும்பவும் மேசையில் வைத்தான். பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னான். நாங்கள் மூன்று பேரும் அன்று என்ன சொன்னோம் என்பதையும் சேர்த்து.

அவன் நல்லவனா என்று அன்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை இனி என்ன செய்யப்போகிறாள் என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டி இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். சிவப்புக் கொப்பியில் இன்னொரு வரி கூடியது.