பெட்டவாவா: முகவரி சொல்லாத மீன்

ப்ரூக் ட்ரவுட் மீன் பிடிப்பவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. தூண்டில் முள் கேட்டால் தருவார்கள், காப்பி தருவார்கள், மழையில் நனைந்து வரும் அந்நியருக்குத் தார்ப்பாய்க்கடியில் இடமும் தருவார்கள். எந்த ஏரியில் பிடித்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு வானிலைக்குத் தாவிவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆல்கான்குவின் பூங்காவின் படகுத்துறைகளில் இது எழுதாத சட்டம். எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. அந்தக் காட்டை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் பெட்டவாவா ஆற்றை மேலிருந்து கீழ்வரை கவனித்துக்கொண்டே போனால், அவர்கள் மறைப்பதில் முக்கால்வாசியை ஆறே சொல்லிவிடுகிறது.

ஆற்றின் நீளம் 187 கிலோமீட்டர். பெரும்பகுதி பூங்காவுக்குள்ளேயே ஓடுகிறது. 1893-ல் அமைக்கப்பட்ட பூங்கா இது. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதை ஒரே சாலைதான் தெற்கு ஓரமாகக் குறுக்கே வெட்டுகிறது. மற்றபடி உள்ளே போக வேண்டுமானால் கனூதான். துடுப்புப் போட்டு ஏரியைக் கடப்பது, ஏரி முடிந்ததும் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் அடுத்த நீர்நிலை வரை நடப்பது. இந்த நடைக்கு அங்கே போர்ட்டேஜ் என்று பெயர். இக்காலத்து கெவ்லார் படகு 20 கிலோ அளவில் இருக்கும். அதோடு கூடாரம், சாப்பாட்டு மூட்டை எல்லாம் சேர்ந்தால் ஒரே பாதையை இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கும். மஞ்சள் பலகையில் மீட்டர் கணக்கு எழுதியிருப்பார்கள். சகதியும் கொசுவும் அந்தக் கணக்கில் சேராது.

மேற்கு மேட்டுநிலத்தில், மேப்பிள் காட்டுக்குள் ஆறு பிறக்கிறது. துடுப்புக்காரர்கள் பொதுவாக மக்னெடவான் ஏரி வாசலில் இறங்கி, இரண்டு மூன்று சிறு நடைகளுக்குப் பின் டெய்சி ஏரியில் ஆற்றைப் பிடிக்கிறார்கள். டெய்சிக்குக் கீழே பெட்டவாவாவை ஆறு என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சில இடங்களில் துடுப்பை நீட்டினால் இரு கரையும் எட்டிவிடும். ஆல்டர் புதர்கள் இருபுறமும் கவிந்திருக்கும், நடுவில் பீவர்கள் கட்டிய அணைகள். ஒவ்வொரு அணையிலும் இறங்கிப் படகை இழுத்து அப்பால் விட வேண்டும். இப்படி லிட்டில் மிஸ்டி, மிஸ்டி ஏரிகள் வரை.

ட்ரவுட்டின் ராஜ்யம் இதுதான். முதுகில் பாசிப் பச்சை, அதன்மேல் புழு ஊர்ந்த தடம் போன்ற கோலம், விலாவில் நீல வளையமிட்ட செம்புள்ளிகள், அடிப்பக்கத் துடுப்புகளின் முன்விளிம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. தண்ணீருக்குள் மீன் தெரியாவிட்டாலும் அந்த வெள்ளைக் கோடு தெரியும். ஆல்கான்குவினில் இந்த மீன் இயற்கையாகவே வாழும் ஏரிகள் 200-க்கும் மேல். உலகில் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் காண்பது அரிது.

அது கேட்பது குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர். 15 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகம். 20-ஐத் தாண்டினால் தவிக்கும். 25-ஐ நெருங்கினால் உயிர் தங்காது. ஆகவே இடம் தேடுவது என்பது குளிரைத் தேடுவதுதான். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ பனிக்கட்டி உடைந்து விலகியதும் ஏரி முழுவதும் குளிர்ந்தே கிடக்கும். மீன் கரையோரம் வரை வந்து மேயும். அப்போது யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், கறுப்பு ஈக்களின் கடியைப் பொறுத்துக்கொண்டால். ஜூலையில் கதை மாறுகிறது. மேல்நீர் வெதுவெதுப்பாகிவிட, மீன்கள் ஏரியின் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆற்றில் இருப்பவை நிலத்தடி ஊற்று கசியும் இடங்களில் ஒண்டிக்கொள்ளும். அனுபவசாலிகள் கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்கிப் பார்ப்பார்கள். நிழல் மூடிய சிற்றோடை ஆற்றில் சேரும் வாயில் கையை விட்டால் விரல் சில்லிடும், இரண்டு முழம் தள்ளி அந்தச் சில்லிப்பு இருக்காது. அந்த இரண்டு முழத்துக்குள்தான் அன்றைய மீன் அத்தனையும் நிற்கும். வரைபடத்தில் அந்த ஓடைக்குப் பெயர்கூட இருக்காது. ஓடை வரும் பக்கம் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருக்கின்றனவா, மேலே சதுப்பு இருக்கிறதா அல்லது மணல்மேடா என்று பார்க்க வேண்டும். சதுப்பிலிருந்து வரும் நீர் வெயிலில் காய்ந்து வருவது. மணல்மேட்டின் அடியிலிருந்து வருவது பூமிக்குள் கிடந்து குளிர்ந்தது.

அதே ஊற்றுகள்தான் இலையுதிர் காலத்தில் தொட்டில். பெண் மீன், நிலத்தடி நீர் மேலே பொங்கும் சரளைப் படுகையாகப் பார்த்துக் குழி தோண்டி முட்டையிடும். மேலே பனி உறைந்தாலும் ஊற்று உறையாது, முட்டை பிழைத்துக்கொள்ளும். இதனால்தான் செப்டம்பர் 30-உடன் மீன்பிடிப் பருவம் முடிகிறது. ஒபியாங்கோ ஏரிக்கரையில் 1936 முதல் இயங்கிவரும் ஹார்க்னஸ் மீன்வள ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிகள், ஒரு ஏரியின் ட்ரவுட் வம்சமே சில சிறு ஊற்றுத் திட்டுகளை நம்பி நிற்கக்கூடும் என்பதைப் புரியவைத்தன. முகவரி சொல்லாதவர்களின் கஞ்சத்தனத்தில் எனக்கு ஓரளவு நியாயம் தெரிவது இங்கேதான். திட்டு சிறியது. ஒரு கோடைகால இறுதியில் பத்துப் படகுகள் அங்கே வந்து நின்றால் போதும், அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்த ஏரி காலி.

மிஸ்டிக்குக் கீழே ஆறு அகன்று ஒயிட் ட்ரவுட், பிக் ட்ரவுட் என்ற பெரிய ஏரிகளாகிறது. பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பெரிய ஏரியில் காற்றுதான் முதலாளி. அங்கே ஆழத்தில் வாழும் லேக் ட்ரவுட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். ப்ரூக் ட்ரவுட் வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஒதுங்கி, சுமை தூக்கிச் சிறு ஏரிகளுக்கு ஏற வேண்டும். அதற்கு மேல் இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பர்ன்ட்ரூட், பெர்லி என்று துடுப்புப் போட்டுக் கடந்துவிடலாம்.

கேட்ஃபிஷ் ஏரியில் ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். அங்கே ‘அலிகேட்டர்’ என்னும் நீராவி இழுவைப் படகின் துருப்பிடித்த எச்சங்கள் கிடக்கின்றன. வெட்டிய பைன் மரக்கட்டைகளை ஏரிகளில் இழுத்துச் செல்ல, ஒன்டாரியோவின் சிம்கோ ஊரில் வெஸ்ட் அண்ட் பீச்சி நிறுவனம் 1889 முதல் செய்த படகு அது. ஏரி முடிந்ததும் எதிரே ஒரு மரத்தில் கம்பி வடத்தைக் கட்டி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு தரைமேல் ஏறி அடுத்த ஏரிக்குப் போகும். தானே போர்ட்டேஜ் செய்த கப்பல்! மரக் கம்பெனிகள் ஆற்றில் அணை கட்டின, கட்டைகளை வழுக்கிவிடும் மரச் சறுக்குக் கால்வாய்கள் கட்டின, கரையில் பண்ணை வைத்தன. காட்டின் ‘தொடப்படாத’ அழகைப் பற்றி உருகுகிறவர்கள் இந்த இரும்பை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

கேட்ஃபிஷ்ஷிலிருந்து சிடார் ஏரி வரை ஆறு படிப்படியாக விழுகிறது. விழும் இடமெல்லாம் நடை. தோள்பட்டை கன்றிப்போகும் இந்தப் பகுதியில்தான் ஆற்றின் சூட்சுமம் பிடிபடுகிறது. பனியுகம் முடிந்து பனித்தகடு பின்வாங்கியபோது, உருகும் நீரின் விளிம்பை ஒட்டியே குளிர் தாங்கும் மீன்கள் உள்ளே வந்துவிட்டன. வெதுநீர் விரும்பும் மீன்கள் பிந்தி வந்தன. அதற்குள் நிலம் உயர்ந்து, வெள்ளம் வடிந்து, அருவிகள் தடுப்பாக நின்றுவிட்டன. அருவிக்கு மேலே ட்ரவுட் எதிரியில்லாமல் வாழ்ந்தது. மீனுக்கு வேலியாக நின்ற அதே அருவிதான் மனிதனுக்குச் சுமை. எங்கே நடை நீளமோ அங்கே மீனும் அதிகம், ஆளும் குறைவு. மீன்பிடி ரகசியம் என்று தனியாக ஒன்று இருந்தால் அது மஞ்சள் பலகையில் மீட்டர் கணக்கில் எல்லோரும் பார்க்க எழுதியே இருக்கிறது.

அந்த வேலியைத் தாண்டிக் குதித்தது ரயில். 1896 வாக்கில் ஜே. ஆர். பூத் என்ற மர வியாபாரியின் ரயில்பாதை பூங்காவின் தென்பகுதியில் வந்தது. 1915-ல் இன்னொரு பாதை வடக்கே சிடார் ஏரியை ஒட்டி ஓடத் தொடங்கியது. சிடார் கரையில் பிரென்ட் என்ற ரயில் குடியிருப்பு முளைத்தது. ரயிலில் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். அவர்கள் மகிழ்ச்சிக்காகச் சின்னவாய் பாஸ் மீனையும் ரயிலிலேயே கொண்டுவந்து ஏரிகளில் விட்டார்கள். முரட்டு மீன், தூண்டிலில் துள்ளும், பிடிக்க எளிது. கரையோரச் சிறுமீன்களையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும், ட்ரவுட்டுக்கு மிஞ்சாது. வாளியில் உயிர் இரைமீன் கொண்டுவருபவர்கள் மிச்சத்தைத் திரும்பும்போது ஏரியில் கொட்டியதும் இதே வேலையைச் செய்தது. இன்று பூங்காவுக்குள் உயிர் இரைமீன் வைத்திருப்பதே குற்றம். சரியான சட்டம். ஒரு வாளித் தண்ணீர் பத்தாயிரம் வருட வேலியை உடைத்துவிடும். இந்தத் தடையிலிருந்து மண்புழு மட்டும் தப்பித்துக்கொண்டது. லேக் கிளியர் வாப்ளர் என்ற தகட்டின் பின்னால் புழுவைக் கோத்து மெதுவாகத் துடுப்புப் போட்டு இழுப்பதுதான் இன்றும் அங்கே வழக்கமான வழி. வடக்குக் காட்டு மண்ணுக்கு மண்புழுவும் அந்நியம்தான், ஆனால் அதைப் பேசினால் அடிக்க வருவார்கள்.

பிரென்ட் வழியே கடைசி ரயில் 1995-ல் போனது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். மீன்கள் இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டன.

சிடாருக்குக் கீழே ரேடியன்ட் ஏரி, அதையும் தாண்டினால் தெற்கிலிருந்து குரோ ஆறு வந்து சேர்கிறது. ஆறு இங்கே வாலாய் (walleye) மீனின் ராஜ்யமாகிவிட்டிருக்கும். ட்ரவுட் தேடுகிறவர் இந்தக் கூடலில் வலப்புறம் திரும்பி, குரோவின் மேல்மூலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மேலே லாவியேல், டிக்சன் என்று இரண்டு ஏரிகள். பெரிய ப்ரூக் ட்ரவுட்டுக்குப் பேர்போனவை. அங்கே பெரும்பாலோர் போவது தெற்கே ஒபியாங்கோ ஏரியிலிருந்து. ஒபியாங்கோவின் நீர் மடவாஸ்கா ஆற்றுக்குப் போவது, டிக்சனின் நீர் பெட்டவாவாவுக்கு வருவது. நடுவிலிருக்கும் நீர்ப்பிரிமேட்டைக் கடக்க ஒரு போர்ட்டேஜ். நீளம் 5,305 மீட்டர். பூங்காவிலேயே நீளமானது. திரும்பி வந்து மறுசுமை எடுப்பவர் மொத்தம் 16 கிலோமீட்டர் நடப்பார். ஏரியின் பெயரை யாரும் ஒளிக்கவில்லை, புத்தகங்களிலெல்லாம் இருக்கிறது. நடையே காவல் காக்கிறது.

ட்ராவர்ஸ் ஏரியருகே மரங்களுக்கு மேல் 46 மீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைக் கிண்ணம் எழுந்து நிற்கும். 1966-ல் திறந்த ரேடியோ தொலைநோக்கி. மனித சந்தடி எட்டாத இடம் அதற்கும் தேவைப்பட்டது. மறு ஆண்டே, நாட்டின் மேற்கு மூலையிலுள்ள பென்டிக்டன் தொலைநோக்கியோடு இதை இணைத்து, இரண்டையும் ஒரே பெரிய கண்ணாக்கி விண்வெளியின் ரேடியோ அலைகளைப் பார்த்தார்கள்.

இதற்குக் கீழே பெட்டவாவா துடுப்பு வீரர்களுடையது. குரூக்கட் சூட், ரோல்வே, நாட்ச், ஸ்கூனர் என்று வரிசையாக வெள்ளைநீர். 1968 மே மாதம் பத்திரிகையாளர் பிளேர் ஃபிரேசர் ரோல்வேயில் உயிரிழந்தார். கரையில் சிலுவை இருக்கிறது. தயங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாராளமாக நடைபாதையில் இறங்கிக்கொள்ளலாம். பனியுக முடிவில் இன்றைய ஹ்யூரான் ஏரிப் பள்ளத்தில் தேங்கிய பெருநீர் வடிந்தது இந்தப் பள்ளத்தாக்குகள் வழியாகத்தான். தென் கிளையான பாரன் ஆற்றில் அது செதுக்கிய குடைவு சுமார் 100 மீட்டர் ஆழம். ஓவியர் டாம் தாம்சன் 1916-ல் காட்டுத்தீக் காவலராக வேலை பார்த்தது பாரன் ஆற்றின் கிராண்ட் ஏரிக்கரையில். ‘தி ஜாக் பைன்’ ஓவியத்துக்கான முதல் தீட்டலை அங்கேதான் போட்டார். அவருக்குத் தூண்டிலிலும் பைத்தியம்.

மக்மேனஸ் ஏரியில் கிட்டத்தட்ட எல்லோரும் கரையேறிவிடுகிறார்கள். அதற்குக் கீழே ஆறு பெட்டவாவா ராணுவத் தளத்துக்குள் நுழைகிறது. 1905 முதல் பீரங்கிப் பயிற்சி நடக்கும் நிலம். வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடப்பதால் அனுமதியின்றி யாரும் போகக்கூடாது. அங்கேயும் மணல்மேடுகள் உண்டு, பைன் நிழலில் ஆற்றில் கலக்கும் ஓடைகளும் உண்டு. ட்ரவுட் இருக்கிறதா என்று யாரும் தூண்டில் போட்டுப் பார்க்கப் போவதில்லை. தளத்தைத் தாண்டியதும் பெட்டவாவா ஊர், பழைய ரயில் பாலம், அதன் கீழே வசந்தகாலத்தில் கயாக் படகுக்காரர்கள் குதிக்கும் கடைசிப் பாய்ச்சல்கள், பிறகு ஒட்டாவா ஆறு. ஊர்ப் பையன்கள் பாலத்தடியில் பாஸ் பிடிக்கிறார்கள். எங்கே பிடித்தாய் என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள்.