சன்னலோரம் ஒழுகிய வேன்

ஒழுகும் வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்து வீட்டுத் தகரக் கூரையின் கீழ் குண்டானும் வாளியும் வைத்துப் பழகியவர்கள்தானே நாம். நான் சொல்ல வந்தது வேன் ஒழுகிய கதை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவும், திருவிழாவுக்குப் போய் இரவு தங்கவும் பழைய வேன் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

2006-ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் போயிருந்தோம். பின் இருக்கைகளைக் கழற்றி, பாய் விரித்து, வேனிலேயே படுத்தோம். நள்ளிரவில் நல்ல மழை. "டேய், என் தலையில தண்ணி சொட்டுதுடா!" என்று அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தால், சன்னலின் கீழ் மூலையில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு வழிகிறது.

வீடு திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, எட்டு வெள்ளிக்கு ஒரு குழாய் சிலிக்கன் பசை வாங்கிச் சன்னலைச் சுற்றி வெளிப்புறம் முழுக்க அப்பியதுதான். அடுத்த மழையில் தண்ணீர் இரண்டு மடங்காக உள்ளே வந்தது. ஏன் தெரியுமா? இழுத்துத் திறக்கும் சன்னலில், கண்ணாடி ஓடும் காடிக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியே போகத்தான் சட்டத்தின் அடியில் சின்னச் சின்னத் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். பாதித் துவாரங்களைப் புழுதி அடைத்திருந்தது. மீதியை நான் அடைத்துவிட்டேன்! பசையைச் சுரண்டி, ஈர்க்குச்சியால் குத்திவிட்டதும் பாதி ஒழுக்கு நின்றது.

மறுபாதி மூன்று மாதம் என்னை அலைக்கழித்தது. பட்டறையில் 600 வெள்ளி கேட்டார்கள். அந்த நேரத்தில் அது நமக்கு ஆகிற காரியமா? கடைசியில் என் மச்சினன்தான் வந்தான். "சொட்டுற இடத்துலதான் ஓட்டை இருக்கும்னு நினைக்காதீங்க மாமா" என்றான்.

உள்பக்க அட்டைகளைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவினோம். நான் உள்ளே டார்ச்சுடன். அவன் வெளியே தண்ணீர்க் குழாயுடன். தண்ணீரைப் பீய்ச்சக்கூடாது, மழைபோல் விடவேண்டும். அதுவும் கீழிருந்து தொடங்கவேண்டும். அடிவிளிம்பில் ஐந்து நிமிடம், பிறகு பக்கங்கள், கடைசியில்தான் மேல்விளிம்பு. மேலே தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்றே தெரியாமல் போய்விடும்.

அம்மா தலைவைத்த சன்னலில் ஒன்றுமே இல்லை. அதற்கு முன்னால் உள்ள, திறக்காத கண்ணாடியின் மேல்மூலைக்கு வந்தபோது பவுடரில் ஒரு கோடு விழுந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் உள்தகட்டின் மடிப்போடு பின்னால் ஓடி, அடுத்த சன்னலில் சொட்டியிருக்கிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை இறுகிச் சுருங்கி, இரு நுனிகளும் சேரும் இடத்தில் நகக்கண் அளவு விலகியிருந்தது. நாம் பால் வெட்டிய மரத்து ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும் என்பதால், வண்டிக் கண்ணாடிகளுக்குப் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான் போடுகிறார்கள். பல வருட வெயிலுக்கு அதுவும் தாங்குவதில்லை.

ஓட்டையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஓடிய தண்ணீர் எங்கே போய் நின்றது என்று பார்க்கத் தரைவிரிப்பைத் தூக்கினோம். தகடு துருப்பிடித்து, விரலால் குத்தினாலே உதிர்ந்தது. கீழே மண் தெரிந்தது. தினமும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் கால்வைத்து உட்காரும் இடம் அது! எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றே பெற்றோர்களிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஒரு வாரம் வேனை எடுக்கவில்லை. தகடு வைத்துப் பற்றவைக்க 350 வெள்ளி. அதை மட்டும் கடன் வாங்கிப் பட்டறையிலேயே செய்தேன்.

கண்ணாடி வேலையை நாங்களே பார்த்தோம். பழைய சிலிக்கனைச் சுரண்டவே இரண்டு மாலைகள் போயின. அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. புளிக்காடி வாடை அடிக்கும் சிலிக்கன் வெறும் தகட்டில் பட்டால் துருவை வேறு வளர்க்கும். துருவை உப்புத்தாளால் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசிக் காயவிட்டோம். புதுப் பட்டையைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, நுனிகளை நெருக்கிக் கண்ணாடியில் மாட்டினோம். பட்டையின் காடியில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவினோம். வெளியே மச்சினன் கண்ணாடியை அழுத்த, உள்ளே நான் கயிற்றை இழுக்க இழுக்க, பட்டை வாய்போல் தகட்டைக் கவ்விக்கொண்டது. வெளி உதட்டின் அடியில் மட்டும் இறுகிப்போகாத பியூட்டில் பசை. கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் விரலை வெட்டிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டும் தெலுக் இந்தான் போனோம். மழையும் வந்தது. ஒரு சொட்டு உள்ளே இல்லை. ஆனாலும் அம்மா, 'எதற்கும் இருக்கட்டும்' என்று தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை மடித்து வைத்திருந்தார்.