முதலில் மணிக்கட்டு

பக்கவாதத்தில் இறுகிய கையை விரலைப் பிடித்து இழுத்துத் திறக்க முடியாது. கோவைப் புறநகரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அதற்கான வழியைச் செய்து காட்டினார்.

"ஆத்தா, கையக் கழுவிரலாங்களா?" என்று கேட்டுவிட்டு, பாட்டியின் மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினார். விரல்களை மடக்கும் தசைகளின் நாண்கள் முன்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி வருகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தளரும். பிறகு கட்டைவிரலை நுனியில் தொடாமல் அடியில் பிடித்து வெளியே நகர்த்தினார். மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. உள்ளங்கையில் நகம் பதிந்த தடம், அடைபட்ட வியர்வையின் வாடை. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் ஒற்றி, சுருட்டிய துணியை உள்ளே வைத்தார்.

"புடிச்சு இழுத்தா இன்னும் இறுக்குமுங்க. நாமதான் காத்திருக்கோணும்."

உடலியலும் அதையே சொல்கிறது. பக்கவாதத்தால் விறைத்த தசையை வேகமாக இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும்.

அடுத்தது ரவிக்கை. வராத கைக்கு முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில். முழங்கையையும் மணிக்கட்டையும் தாங்கித்தான் கையை உயர்த்தினார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே இல்லை. வலுவிழந்த தோள்மூட்டு அப்படித் தூக்கினால் நழுவக்கூடும். பாட்டியின் புருவம் சுருங்கியதும் கை அங்கேயே நின்றது. ஒரு மூச்சு விட்டு இறங்கியது.

அவர் கோபப்பட்டது தலையணை விஷயத்தில்தான். பார்க்க வரும் பிள்ளைகள் பாசத்தோடு முழங்காலுக்கடியில் தலையணை வைத்துவிட்டுப் போகிறார்கள். சுகமாகத்தான் இருக்கும். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் முழங்கால் மடங்கியபடி இறுகிவிடும். பிறகு எழுப்பி நிறுத்துவது பெரும்பாடு.

தசையை நீட்டும் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஏழு மாதத்துக்குக் குறைவாகச் செய்யப்படும் நீட்டல், நரம்பியல் பாதிப்புள்ளவர்களின் மூட்டு அசைவைக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படுத்தவில்லை என்றது. இதைப் படித்துவிட்டு 'பிறகு எதற்கு இந்தச் சிரமம்?' என்று நிர்வாகிகள் யாராவது கேட்டால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் நான் பார்த்த வேலையின் இலக்கே வேறு. மூட்டு எத்தனை பாகை திரும்பியது என்று அந்த அக்கா அளக்கவில்லை. உள்ளங்கை சுத்தமாக இருக்கிறதா, அக்குள் புண்ணாகாமல் இருக்கிறதா, ரவிக்கை அழாமல் ஏறுகிறதா என்பதே அவர் கணக்கு. அதற்கு வேண்டியது நேரம். ஒரு ஆயாவுக்குப் பத்துக் கட்டில் என்று ஒதுக்கும் இடத்தில் முதலில் காணாமல் போவது அந்தக் காத்திருப்புதான்.

சுவரில் தொங்கிய பதிவேட்டைப் புரட்டினேன். 'குளியல்' கட்டத்தில் தினமும் டிக். 'உடற்பயிற்சி' கட்டம் பல நாட்களில் வெறுமை. அதைப் பற்றிக் கேட்டேன்.

"பிசியோ சார் வந்தாத்தானுங்க அதுல போடோணும். நான் குளிப்பாட்டறேன், அவ்வளவுதான்" என்றவர், அடுத்த கட்டிலுக்கு வாளியை நகர்த்தினார்.