அந்த ராத்தா கேட்ட மஸ்அலா



சென்ற வருடம் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு தாயும் அவருடைய ராத்தாவும் எனக்காகக் காத்திருந்தார்கள். எனது மனைவி வைத்த தேநீர் அப்படியே ஆறிப்போயிருந்தது. ராத்தாதான் கதைத்தார்.

"மௌலவி, ஒரு மஸ்அலா கேட்க வந்தோம். சொந்தத்துக்குள்ள ஒரு ஆள் பெரிய பிழை ஒன்று செய்துபோட்டார். பொலிஸுக்குப் போனால் சொந்தம் முறியும். உறவை முறிக்கிறது எவ்வளவு பெரிய பாவம் என்று நீங்களே பயானில் சொல்லியிருக்கிறீங்க. அப்படியென்றால் நாங்கள் போகலாமா, போகக்கூடாதா?"

என்ன பிழை என்று கேட்டேன். பதிலில்லை. தாய் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பின்னர் எனது மனைவி அவர்களை உள்ளே அழைத்துச் சென்று கதைத்துவிட்டு வந்து சொன்னாள். குழந்தைக்கு 9 வயது. அந்த ஆள் வீட்டுக்குள் தடையின்றி வந்து போகும் உறவுக்காரர்.

(அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். இத்தகைய வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விதத்தில் எழுதுவதும் பிரசுரிப்பதும் 1995ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாகும்.)

நான் எட்டு வருடம் கிதாபு ஓதியவன். தண்ணீர் எப்போது நஜீஸாகும், நோன்பு எதனால் முறியும் என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்வேன். அன்று எனது வாயில் பதில் வரவில்லை. எனக்கு வேறு ஒரு பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அது 2003ஆம் ஆண்டு. அப்போது எனக்கு 23 வயது. பிள்ளைகள் தங்கி ஓதும் ஒரு மத்ரஸாவில் ஹிப்ழுப் பிரிவில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 11 வயதுப் பையன் ஒருவன் ஸுப்ஹுக்குப் பின்னர் என்னிடம் வந்து, "மௌலவி, என்னை அந்த அறையில் படுக்கவைக்க வேண்டாம்" என்றான். ஏன் என்று கேட்டேன். தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டு ஞாபகத்தில் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஓதுகிற பிள்ளைக்கு ஸப்ர் வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்களில் ஒருவர். குரல் நல்லது, தஹஜ்ஜுத் தவறாதவர். அவரைப் பற்றி ஒரு பிள்ளை அப்படிச் சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பையன் விடுமுறைக்குப் போனான், திரும்பவில்லை. அவனுடைய பெட்டியையும் பாயையும் எடுத்துப்போக உம்மா வந்தார். கேற்றடியில் என்னைக் கண்டு நின்று, "மௌலவி, புள்ள உங்களுக்கிட்ட சொன்னானாமே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நிர்வாகம் கூடிக் கதைத்தது. மத்ரஸாவின் பெயர் கெட்டுவிடும், ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தால் அல்லாஹ் நமது குறையை மறைப்பான் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அவர் மரியாதையாக அனுப்பிவைக்கப்பட்டார். இன்னொரு ஊரில் ஓதிக்கொடுக்கிறார் என்று சில மாதங்களின் பின்னர் கேள்விப்பட்டேன்.

இதனால்தான் அன்று அந்த ராத்தாவுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு சொன்னேன்: "உறவை முறித்தவர் அவர். நீங்கள் அல்ல. போங்கள், நானும் வருகிறேன்."

சகோதரிகளே, மறைத்தல் என்று நாங்கள் ஓதிக்கொடுப்பது எதற்கு? தனக்கும் ரப்புக்கும் இடையில் ஒருவன் தவறி விழுந்து, வெட்கப்பட்டு மீள நினைக்கும்போது அவனை ஊருக்குக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்கு. அடுத்தவர் பிள்ளைக்கு அநியாயம் செய்தவனின் விடயம் வேறு. அங்கே பிள்ளையின் ஹக் இருக்கிறது. அதை மன்னித்துவிட நிர்வாக சபைக்கு அதிகாரம் யார் கொடுத்தது? நான்கு சாட்சிகள் எங்கே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நிபந்தனை பத்தினிப் பெண்கள்மீது பழி சுமத்துவோரின் வாயை அடைக்க வந்தது. அதைக் கொண்டு ஒரு குழந்தையின் வாயை அடைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! எமது நாட்டு நீதிமன்றமும் நான்கு பேரைக் கேட்பதில்லை. இத்தனை சாட்சிகள் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை என 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. கேள்வியை விளங்கிப் பதில் சொல்லக்கூடிய பிள்ளை, எவ்வளவு சிறிய பிள்ளையாக இருந்தாலும், சாட்சி சொல்லலாம்.

இந்தச் சட்டங்களை நான் படித்தது பிந்தித்தான். 1995இல் தண்டனைச் சட்டக் கோவை திருத்தப்பட்டபோது நான் விடுதியில் ஓதிக்கொண்டிருந்த 15 வதுப் பையன். அப்படியொன்று நடந்ததே எங்களுக்குத் தெரியாது. 1883ஆம் ஆண்டின் அந்தக் கோவையில், பெண்பிள்ளை சம்மதித்தாள் என்று குற்றவாளி தப்பமுடியாத வயது வெறும் 12 ஆகத்தான் இருந்தது. 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தம் அதை 16 ஆக்கியது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை விரும்பித்தான் போனது என்ற கதை இப்போது எடுபடாது. நெருங்கிய இரத்த உறவினர் செய்வது தனிக் குற்றமானது. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றமும் அப்போதுதான் சேர்க்கப்பட்டது. உம்மாமார் இதனைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் வல்லுறவு என்ற குற்றம் பெண்களைப் பற்றியே எழுதப்பட்டிருக்க, இது ஆண்பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாக இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அதனைச் செய்தவருக்கு 7 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை. பிள்ளைக்கு நஷ்டஈடும் கொடுக்கவேண்டும். எங்கள் மத்ரஸாவில் 2003இல் நடந்தபோது இந்தச் சட்டம் 8 வருடமாக நடைமுறையில் இருந்தது.

மனைவியும் நானும் அன்றிரவே 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். அது 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். மறுமுனையில் தமிழில் கதைத்தார்கள். பிள்ளையை மீண்டும் மீண்டும் விசாரிக்கவேண்டாம், அன்று உடுத்திருந்த உடுப்பைக் கழுவவேண்டாம், அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். உடுப்புக் கழுவப்பட்டிருந்தது. தாய்மார் முதலில் செய்வது அதைத்தானே! அதற்காகத் தாய் அழுதார். ஆனாலும் வழக்கு அதனால் நின்றுபோய்விடவில்லை.

வைத்தியசாலையில் பிள்ளையை அனுமதித்தார்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்த்தார். பெண் வைத்தியர் ஒருவரும் தாயும் பக்கத்தில் இருந்தார்கள். எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்லமாட்டேன். பொலிஸ் நிலையத்தில் முன்மேசையில் இருந்தவர் பத்துப் பேர் கேட்க, "என்ன முறைப்பாடு?" என்று சத்தமாகக் கேட்டார். அந்த ராத்தா அசையவில்லை. "மகளிர் சிறுவர் பகுதி எங்கே?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். நான்கு மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். ஆனால் வாக்குமூலம் எடுத்த பெண் உத்தியோகத்தர் சாதாரண உடுப்பில் வந்து, பிள்ளையின் பாடசாலையைப் பற்றிக் கதைத்துவிட்டே தொடங்கினார். 1999இல் சாட்சியச் சட்டத்துக்குச் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, பிள்ளையிடம் ஆரம்பத்தில் எடுக்கும் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்பதையும் அவரிடமிருந்தே அறிந்துகொண்டேன். எல்லா இடத்திலும் அந்த வசதி கிடைக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

பிள்ளையைப் பிடித்து எங்கேயாவது ஹோமில் போட்டுவிடுவார்கள் என்பதுதான் தாயின் பெரிய பயம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்தார். சந்தேக நபர் விளக்கமறியலில் இருந்தார், தாய் பிள்ளையின் பக்கம் நின்றார். ஆகவே பிள்ளை தாயிடமே இருந்தது. தாய் அந்த ஆளின் பக்கம் சாய்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஒரு வாரத்துக்குள் ஊரில் இருந்து மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள், முன்சப்பில் தொழுபவர்கள். பள்ளிவாசலுக்குள் வைத்து முடிப்போம், ஒரு தொகைச் சல்லி வாங்கிக்கொடுப்போம், காதியாரையும் கூப்பிடுவோம் என்றார்கள். காதி நீதிமன்றம் விவாகம், விவாகரத்து, தாபரிப்பு, மஹர் போன்றவற்றைப் பார்ப்பதற்கு. இதில் அதற்கு ஒரு அதிகாரமும் இல்லை என்றேன். அவர்களில் ஒருவர் சற்று உரத்த குரலில், முறைப்பாட்டை வாபஸ் வாங்காவிட்டால் அந்தக் குடும்பம் ஊரில் இருக்கமுடியாது என்றார். பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ அப்படி மிரட்டுவதே தனிக் குற்றம் என்று நான் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. அதற்கென்று 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அந்த மனிதர் இப்போதும் எனக்கு ஸலாம் சொல்வதில்லை.

பெரிய பிள்ளையாக இருந்தால் இன்னொரு யோசனையும் வரும்: அந்த ஆளுக்கே நிக்காஹ் செய்துவைத்தால் என்ன? இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இல் 18 ஆக உயர்த்தப்பட்டபோது எமது 1951ஆம் ஆண்டின் விவாக விவாகரத்துச் சட்டம் அப்படியே விடப்பட்டது. தண்டனைச் சட்டத் திருத்தத்திலும் 12 வயதைத் தாண்டிய மனைவி என்றால் ஒரு விலக்கு வைக்கப்பட்டது. எமது சட்டத்தைத் திருத்த ஆலோசனை கூற 2009இல் ஒரு குழு நியமிக்கப்பட்டு, 2018இல்தான் அதன் அறிக்கை கையளிக்கப்பட்டது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிக்காஹ்வுக்கு முன்னர் நடந்த குற்றம் நிக்காஹ்வினால் இல்லாமற் போவதில்லை. வாழ்நாள் முழுக்க அந்த ஆளுக்கே சோறு போடும்படி ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு எந்த உம்மாவுக்கு மனம் வரும்? வலி என்ற பெயரில் கையொப்பமிட எந்த வாப்பாவுக்கு மனம் வரும்?

வீட்டுக்குள் செய்யக்கூடியவை நீங்கள் அறியாதவை அல்ல. பத்து வயதானால் படுக்கையைப் பிரிக்கச் சொன்னது எமது நபி ﷺ அவர்கள்தான். மூன்று நேரங்களில் பிள்ளைகளும் அனுமதி கேட்டே பெரியவர்களின் அறைக்குள் நுழையவேண்டும் என்று சூரத்துந் நூர் கற்றுத்தருகிறது. பிள்ளையின் உடலுக்கும் அறைக்கும் மரியாதை உண்டு என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று அழுகிற பிள்ளையைப் பிடித்துத் தள்ளுகிறோம். ஓத அனுப்பும் இடத்தைப் பார்க்க ஒரு தடவையாவது போங்கள். கதவு திறந்திருக்கிறதா, தனியே ஒரு பிள்ளையை நிறுத்திவைக்கிறார்களா என்று பாருங்கள். எனது வகுப்பறைக்கும் வாருங்கள், கோபிக்கமாட்டேன். இப்போது நான் எந்தப் பிள்ளையையும் தனியே வைத்து ஓதிக்கொடுப்பதில்லை.

அந்தப் பிள்ளையின் கோவை இன்னும் சட்டமா அதிபரிடம் இருக்கிறது. குற்றப்பத்திரிகை மேல் நீதிமன்றத்துக்கு வரக் காலம் எடுக்கும் என்கிறார்கள். பிள்ளை எனது மனைவியிடம் ஓத வருகிறாள். ஆரம்பத்தில் வாசலோரமாகவே உட்கார்ந்தாள். இப்போது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சத்தம் போட்டு ஏச்சும் வாங்குகிறாள்.

நீதவான் நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்த ஒரு நாளில், பக்கத்தில் இருந்த சட்டத்தரணியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் ஒன்று கேட்டேன். பழைய சம்பவம் என்றால் எத்தனை வருடம் வரை வழக்குத் தொடரலாம்? கொலை போன்றவற்றுக்குக் கால எல்லை இல்லை, ஏனைய குற்றங்களுக்குப் பொதுவாக 20 ஆண்டுகள் என்றார். விரலில் எண்ணிப் பார்த்தேன். 2003, 2023. அந்தப் பையனுக்கு அது கடந்துவிட்டிருந்தது.

அவனுடைய உம்மாவைத் தேடிப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "நான் மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு மௌலவி, அவனல்லவா மன்னிக்கணும்" என்றார். அவன் வெளிநாட்டில் இருக்கிறானாம். ஊருக்கு வருவது குறைவாம்.

பிறகு பிரதேச செயலகத்துக்குப் போய், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் அந்த ஆளின் பெயரையும் எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பையனுக்குக் காலம் கடந்திருந்தாலும் பின்னர் அந்த ஆளிடம் ஓதிய பிள்ளைகளுக்குக் கடந்திருக்காது என்றார். எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். அங்கிருந்து எங்கே போனார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் யாரும் அன்று அதைக் கேட்டிருக்கவில்லை.