விலை பேசுவதும் விசுவாசம்தான்

ஞாயிறு பூசை முடிந்து மட்டக்களப்புப் புளியந்தீவு மரியாள் பேராலய வாசலில் நிற்கும்போது இளம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐயா, கடவுளின் சித்தம் எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது?" கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் அடியில் கனடா விசா இருக்கும், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சு இருக்கும். நல்ல கேள்விதான். ஆனால் அப்படியான முடிவுகள் ஒரு மனிதனுடைய ஆயுளில் எத்தனை வரும்? மிச்ச நாளெல்லாம் கடவுள் சும்மா இருக்கிறார் என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த மிச்ச நாட்களைப் பற்றி யோசித்தால் எனக்கு ஹேபியர் அடிகளார் நினைவுக்கு வருவார். எங்கள் தலைமுறையில் அவருடைய ஸ்கூட்டரைத் தெரியாதவர்கள் குறைவு. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இங்கே வந்த இயேசு சபைக் குரு. புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். பிற்காலத்தில், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் தொழில்நுட்ப நிலையத்தை நடத்தினார். 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பழி புலிகள்மேல் விழுந்தது, அவர்கள் மறுத்தார்கள். அடுத்த வாரம் ஏறாவூர் முஸ்லிம் கிராமங்களில் கொலை. பதிலுக்குத் தமிழர்களும் செத்தார்கள். அந்த நாட்களில் வாழைச்சேனையில் அகப்பட்டிருந்த அருட்சகோதரிகளுக்கும் சனங்களுக்கும் உதவ அடிகளார் போயிருந்தார். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். பின்னால் ஒரு தமிழ் இளைஞனை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பினார். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் பொறுப்போடு சொல்லவில்லை.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் அடிபட்டுக் கிடந்தவனுடைய கதையைப் பூசையில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வாழைச்சேனையிலிருந்து வருகிற ஏறாவூர் வழிதான் கண்ணில் வரும். கதையில் குருவானவர் விலகிப் போகிறார். எங்கள் வழியில் குருவானவரே காணாமல் போனார்.

அன்றைக்கு அவர் போயிருக்கத்தான் வேண்டுமா என்று தேத்தண்ணிக் கடைகளில் பல வருசம் தர்க்கம் நடந்தது. அன்று காலை அவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அது என்று நான் நம்பவில்லை. 42 வருசமாகக் கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பழகிய மனிதர், அன்றும் கூப்பிட்டார்கள், போனார். அதே 1948இல் வந்த இன்னொரு இயேசு சபைக் குரு மில்லர் அடிகளாரின் பழக்கம் வேறு. பிள்ளையைக் காணவில்லை என்று வருகிற தாய்மாரை இருத்தி, பெயரும் இடமும் திகதியும் கேட்டு எழுதிவைப்பார். 2019 ஜனவரி 1ஆம் தேதி இந்த ஊரிலேயே கண்மூடினார். அவர் எழுதிய பேர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கேட்டால் பதில் கசக்கும். ஆனால் அந்தத் தாய்மாருக்குத் தங்கள் பிள்ளையின் பெயரை ஒருவர் எழுத்துக்கூட்டிக் கேட்டது பெரிய காரியம்.

மில்லர் அடிகளார் காணாமல் தப்பிய ஒன்று, அதே வருசம் ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு காலை எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலய வாசலில் பையோடு வந்த ஒருவனை, உள்ளே பை கொண்டுபோகக் கூடாது என்று சபையைச் சேர்ந்த ஒரு குடும்பஸ்தர் மறித்தார். வெளியிலேயே குண்டு வெடித்தது. ஏறக்குறைய 30 பேர் போனார்கள், அதில் பலர் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள். உள்ளே வெடித்திருந்தால் கணக்கே வேறு. மறித்தவரும் போய்விட்டார். குண்டுக்காரன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்று தெரிந்ததும் ஊர் மாறியது. முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்று கைத்தொலைபேசிக்குத் தகவல் வராத நாள் இல்லை. எங்கள் செபக் கூட்டத்தில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னவர்களும் உண்டு.

சில மாதம் கழித்துப் பேத்திக்குப் புதுநன்மை. வெள்ளைத் துணி வாங்க வேண்டும். கல்லடி, ஆரையம்பதிச் சனம் துணியென்றால் காத்தான்குடிக்குத்தான் போகும். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். மகள் தயங்கினாள். "அப்பா, இந்த நேரத்தில போகத்தான் வேணுமா? சனம் கதைக்கும்." பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார்: "நாங்க குடுக்கிற காசு எங்கட தலையிலதான் வந்து விழும்." அவருடைய சொந்தக்காரப் பிள்ளை ஒன்று சீயோன் வாசலில் காயப்பட்டிருந்தது. அவருக்கு வேதம் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன தகுதி? ஒன்றை மட்டும் கேட்டேன்: 1990இல் காத்தான்குடியார் எங்கள் எல்லாரையும் ஒரே கணக்கில் எழுதியிருந்தால் நாங்கள் எங்கே நின்றிருப்போம்? அவர் பதில் சொல்லவில்லை. கோபம் தீரவுமில்லை.

போனேன். கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. முதலாளி என்னை நிமிர்ந்து பார்க்காமல் துணியை எடுத்துப் போட்டார். நான் சமாதானம், சகோதரத்துவம் என்று ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த மனுசனுக்கு இன்னும் வெட்கமாக இருந்திருக்கும். வழக்கம்போல விலை பேசினேன். மீற்றருக்கு இவ்வளவு கூடுதல், போன வருசம் இப்படியில்லையே என்றேன். அவரும் வழக்கம்போலக் கொழும்பு விலையைச் சொல்லி மறுத்தார். கால் மணித்தியாலம் இழுபறி. இரக்கப்பட்டுக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், நான் வாடிக்கையாளனாகப் போகவில்லை, தர்மம் கொடுக்கப் போனேன் என்றாகியிருக்கும்.

முதலில் சொன்ன கல்யாணப் பேச்சிலும் இப்படி ஒரு விலை பேசுதல் உண்டு. சீதனத்தைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை, ஆனால் நீட்டவும் மனமில்லை. கிழக்கில் தமிழர், முஸ்லிம் இரண்டு பேருக்கும் ஒரே வழக்கு: வீடு பெண்ணுக்கு. மருமகன் மனைவி வீட்டுக்கு வருவான். அது பெண்ணுக்கு நிழல் தருகிற நல்ல ஏற்பாடு. அதற்கு மேல் ரொக்கமும் மோட்டார் சைக்கிளும் கேட்கிற கிறிஸ்தவ மாப்பிள்ளை வீட்டார், கோயிலில் மூன்று முறை ஓலை வாசிக்க முதல் தங்கள் மனச்சாட்சியை ஒரு முறையாவது வாசித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக, அன்றாடப் பிழைப்பு நடக்கிற மட்டக்களப்பு வாவிக்கு வருகிறேன். சுமார் 56 கிலோமீட்டர் நீளத் தண்ணீர், கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவில். தங்கூசி வலைக்கு 2006இலிருந்து நாடு முழுக்கத் தடை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நைலோன். அறுந்து அடியில் கிடந்தாலும் மீனையும் நண்டையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும், உக்காது. தடை இருந்தும் வலை இருக்கிறது, ஏனென்றால் அதில் மீன் கூடப் படுகிறது. பக்கத்துத் தோணிக்காரன் அதைப் போட்டு இறங்கும்போது பழைய நூல்வலையோடு இறங்குகிறவன் பாதிப் பானையோடுதான் வீடு திரும்ப வேண்டும். இதைச் சம்பளக்காரர் பிரசங்கத் தொட்டியிலிருந்து கண்டிப்பது சுலபம். மாதம் முடிய ஓய்வூதியம் வாங்குகிற எனக்கும் சுலபம். அதனால்தான் இந்த விசயத்தில் நான் வாயைக் குறைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் மீன் விற்க வருகிற ஒருவர் தங்கூசியைக் கையால் தொட மாட்டேன் என்று நிற்கிறார். கோயிலில் கடைசி வாங்கில் இருப்பார், வேத வசனம் எதுவும் சொல்ல மாட்டார். காரணம் கேட்டேன். "என்ட மகனும் இதிலதானே பிழைக்கவேணும் ஐயா" என்றார். அவரிடம் மட்டும் நான் விலை பேசுவதில்லை. அவருடைய பிடிப்பில் குறைகிறதை யாராவது பங்கு போட்டுச் சுமக்க வேண்டும். இரண்டு வீட்டாரிடம் சொன்னேன், அவர்களும் இப்போது அவரிடமே வாங்குகிறார்கள். மனுசனுக்கு அது விளங்கிவிட்டது போலிருக்கிறது. இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் இறாலுக்கு இருபது ரூபாய் கூட்டித்தான் சொல்கிறார். அடுப்படியிலிருந்து மனைவி முறைக்கிறாள், நான் காசை எண்ணிக் கொடுக்கிறேன்.